தொப்பியும் ஆன்மாவும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்திருந்த, பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவான மான்டி பைத்தானின் 'தி மீனிங் ஆஃப் லைஃப்' (வாழ்க்கையின் அர்த்தம்) படத்தைப் பார்த்தேன். நான் பல ஆண்டுகளாகப் பிரசவ வார்டில் பணிபுரியும் செவிலியர். முதல் பகுதியான பிரசவ அறைக் காட்சியிலேயே சிரிக்கத் தொடங்கினேன், ஆனால் பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்தடுத்து வந்தவை ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. உணவகக் காட்சியில் குமட்டல் தாங்காமல் நிறுத்திவிட்டு, மறுநாள்தான் மீதியைப் பார்த்தேன். துணுக்குகளைத் தொகுத்துவிட்டால் அது திரைப்படம் ஆகிவிடுமா?

வி.

அன்புள்ள வி.,

உங்கள் சிரிப்பு நின்ற இடம்தான் அந்தப் படத்துக்குள் நுழையும் வாசல் என்று நினைக்கிறேன். ஆகவே அந்தப் பிரசவ அறையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். மருத்துவர்கள் இருவர் உள்ளே வருகிறார்கள். அறை வெறுமையாக இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. எனவே கருவிகளை ஒவ்வொன்றாக வரவழைக்கிறார்கள். 'பிங்' என்று ஒலிக்கும் இயந்திரமும், அங்குள்ளவற்றிலேயே விலை கூடிய இயந்திரமும் வந்து சேர்கின்றன. அதன் பிறகும் ஏதோ குறைகிறதே என்று யோசிக்கும்போதுதான் நோயாளியின் நினைவே வருகிறது. அவளோ அந்தக் கருவிகளுக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறாள். நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்பவளிடம், நீ எதுவும் செய்யவேண்டாம், உனக்கு அதற்கான தகுதி இல்லை என்கிறார்கள். தொடர்புடையவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று சொல்லிக் கணவரை வெளியே அனுப்புகிறார்கள். பின்னர் வரும் நிர்வாகி, அந்த இயந்திரத்தை ஒரு நிறுவனத்துக்கு விற்று அவர்களிடமிருந்தே வாடகைக்கு எடுத்திருப்பதால், அது மூலதனக் கணக்கில் சேராமல் மாதச் செலவில் அடங்கிவிடுகிறது என்று விளக்கும்போது அறையே கைதட்டுகிறது. மருத்துவர்களில் ஒருவராக நடித்த கிரஹாம் சாப்மன், லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் பயின்று உண்மையிலேயே மருத்துவரானவர். அந்த அறையின் பேச்சும் நடமாட்டமும் உங்களுக்கு அவ்வளவு பழக்கமானவையாகத் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கண்ணெதிரே இருக்கும் மனிதர் எவர் கண்ணிலும் படாமல், முறைமை மட்டுமே எல்லோருக்கும் தெரிகிறது என்பதே, துணுக்குகளாகத் தோன்றும் இப்படத்தின் ஊடுசரடு. நீங்கள் நிறுத்திய உணவகக் காட்சியும் அதைத்தான் செய்கிறது. அதன் அருவருப்பு வாந்தியில் மட்டும் இல்லை. டெரி ஜோன்ஸ் நடித்த அந்தப் பெருந்தீனிக்காரர் வாளி வாளியாக வாந்தியெடுக்கும்போதும், ஜான் கிளீஸ் நடித்த பணியாளர் குனிந்து பணிந்து உணவுப் பட்டியலைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் வயிறு வெடித்து, விலா எலும்புகளுக்கிடையே இதயம் துடித்துக்கொண்டிருக்கும் அந்த மனிதரிடம் அவர் பில்லைக் கொண்டுவந்து நீட்டுகிறார். இறுதிப் பகுதியில் மரணமே நேரில் வந்து விருந்து மேசையருகே நிற்கும்போதும், எல்லோரும் சாகக் காரணம் தான் பரிமாறிய மீன் உணவுதான் என்று அறிந்த வீட்டுக்காரியை, அதை டப்பா மீனில் செய்துவிட்டோமே என்கிற கூச்சம்தான் வாட்டுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, ஓர் அமெரிக்கப் பெருநிறுவனத்தின் இயக்குநர் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் ஆறாவது பொருள், வாழ்க்கையின் அர்த்தம். அதை ஆராய்ந்து வந்த ஒருவர் இரண்டு முடிவுகளை முன்வைக்கிறார். மக்கள் போதுமான அளவு தொப்பி அணிவதில்லை என்பது முதலாவது. ஆன்மா என்பது பிறக்கும்போதே கிடைத்துவிடுவது அன்று, தன்னைத் தானே கவனிப்பதன் வழியாக உருவாக்கிக்கொள்ள வேண்டியது, அன்றாடச் சில்லறைக் கவனச்சிதறல்களால் அது நிகழாமலே போகிறது என்பது இரண்டாவது. அவர் பேசி முடித்ததும் நிலவும் மௌனத்துக்குப் பிறகு, தொப்பியைப் பற்றி என்னவோ சொன்னீர்களே என்று ஒருவர் கேட்கிறார். தலைப்பு எழுப்பும் கேள்விக்குப் படம் உண்மையான ஒரு விடையைச் சொல்லும் இடம் இது என்பதே என் எண்ணம். சொன்ன விடையும், அது கேட்கப்படாமல் போன விதமும் ஒரே காட்சியில் அமைந்துவிட்டன.

வடிவத்தைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமானது. 1969 முதல் 1974 வரை பிபிசியில் வந்த தங்கள் தொலைக்காட்சித் தொடரிலேயே, ஒவ்வொரு துணுக்கையும் ஒரு முத்தாய்ப்பு வரியில் முடிக்கும் மரபை இவர்கள் கைவிட்டுவிட்டார்கள். ஒன்று முடியும் முன்பே மற்றொன்று அதற்குள் நுழைந்துவிடும். 1983இல் வந்த இப்படத்தின் தொடக்கத்தில், டெரி கில்லியம் இயக்கிய குறும்படத்தில், வயது முதிர்ந்த கணக்கர்கள் தங்கள் அலுவலகக் கட்டடத்தையே கடற்கொள்ளைக் கப்பலாக்கிப் புறப்படுகிறார்கள் அல்லவா? அதே கட்டடம் பின்னர் நான் மேலே சொன்ன இயக்குநர் கூட்டத்தின் சன்னலுக்கு வெளியே வந்து நின்று தாக்குகிறது. வெறும் தொகுப்பில் இப்படியொரு ஊடுருவல் நேராது.

ஆயினும் எல்லாப் பகுதிகளும் ஒரே தரத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். போரைப் பற்றிய பகுதி நீண்டு தளர்கிறது. ராணுவ அதிகாரிகளை இவர்களே தொலைக்காட்சியில் இதைவிடக் கூர்மையாகச் செய்திருக்கிறார்கள். முழுமை என்று பார்த்தால் 1979இல் வந்த 'லைஃப் ஆஃப் பிரையன்' தான் இவர்களுடைய சிறந்த படம். கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரீ விருது பெற்றது என்னவோ 'தி மீனிங் ஆஃப் லைஃப்' தான்.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். அந்தப் பிரசவ அறைக் காட்சியில், பிரசவம் முடிந்ததும் குழந்தையைத் தாயிடம் ஒரு கணம் காட்டிவிட்டு எடுத்துச் சென்றுவிடுகிறார்கள். பிறந்த விவரத்தையெல்லாம் வீட்டுக்குப் போய் வீடியோ கேசட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளிடம் சொல்கிறார்கள். உங்கள் சிரிப்பு நின்றது அங்கேதானா, அதற்கு முன்பேயா? எழுதுங்கள்.