‘தாத்தா மாதிரியே குறட்டை விடுவான்’

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் பையனுக்குத் தை வந்தால் ஆறு வயது. ஒரு இடத்தில் நிற்க மாட்டான். நினைத்தது கிடைக்காவிட்டால் கையில் இருப்பதை வீசுவான், சுவரில் தலையை முட்டுவான், கடிப்பான். போன மாதம் ஒன்றரை வயது பாப்பாவின் கன்னத்தில் பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. இரண்டு பள்ளி மாற்றியாகிவிட்டது. இப்போது யு.கே.ஜி. படிக்கும் மூன்றாவது பள்ளியிலும் ‘டாக்டரிடம் காட்டிவிட்டு அழைத்து வாங்க’ என்று அனுப்பிவிட்டார்கள்.

அவன் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். ‘அடியாத மாடு படியாது’ என்று வந்த அன்றே இரண்டு வைப்பார். சாயங்காலம் நான் அடுப்படியில் இருக்கும்போது மாமியார்தான் பார்த்துக்கொள்வார். ஆறரை மணிக்கு அவருக்கு சீரியல், இவனுக்கு போன். டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்று சத்தத்தைக் கூட்டிக்கூட்டி வைப்பான். நான் போனை வாங்கினால் டம்ளர் பறக்கும். ‘பிள்ளை ஏங்கிப்போயிரும்’ என்று மாமியார் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மந்திரித்துக் கயிறு கட்டினோம், மொட்டை போட்டோம். ஒரு டாக்டர் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு ரிஸ்பெரிடோன் என்று ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். குடித்தால் தூங்கி வழிகிறான். இரண்டு இட்லி சாப்பிடுகிறவன் ஐந்து கேட்கிறான். அவன் தூங்கும்போதுதான் எங்களுக்கு நிம்மதி. வாயைத் திறந்துகொண்டு அவன் தாத்தா மாதிரியே குறட்டை விடுவான், சிரிப்பாக வரும். இவனுக்கு மூளையில் கோளாறா? மருந்தை நிறுத்தலாமா? எங்கே காட்டுவது? சில நாள், இவனைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது போய்விடலாம் என்று இருக்கிறது.

— பெயர் வேண்டாம், அருப்புக்கோட்டை

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ‘எங்கேயாவது போய்விடலாம்’ என்றால் அம்மா வீட்டுக்கா, அல்லது வேறு ஏதாவதா? இரண்டாவது என்றால், இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது. காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். ‘பையனுக்குத்தானே பிரச்சினை, எனக்கென்ன’ என்று நினைக்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளையோடு தனியாக மல்லுக்கட்டுகிற அம்மாவுக்கும் சேர்த்துத்தான் அந்த எண்.

இப்போது பையன். நீங்கள் சிரித்துக்கொண்டே எழுதிய குறட்டை வரியில்தான் நான் நின்றுவிட்டேன். டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறான் என்ற வரியையும் அதோடு சேர்த்துப் படித்தேன். வாயைத் திறந்து தூங்குகிற, தினமும் குறட்டை விடுகிற பிள்ளைக்கு மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ டான்சிலோ வீங்கியிருக்கலாம். மூச்சு தடைப்பட்டுத் தடைப்பட்டுத் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் நீங்களும் நானும் கொட்டாவி விடுவோம். சின்னப் பிள்ளை ஆடித் தீர்க்கும், எரிந்து விழும். அதே அடினாய்டு காதுக்குப் போகும் குழாயை அடைத்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிக் காது மந்தமாகும். ‘சொன்னதைக் கேட்க மாட்டேங்கிறான்’ என்று நாம் அடிக்கும்போது, அவனுக்கு நிஜமாகவே பாதிதான் கேட்டிருக்கும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை, பட்டும் தெரிந்துகொண்டேன். வேலைக்கு வந்த புதிதில், இதே வயதில் கடிக்கிற பையன் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். ஏழு மாதம் பெற்றோருக்குப் பயிற்சி, அட்டவணை, நட்சத்திர ஸ்டிக்கர் என்று என்னென்னவோ செய்தேன். ஒருநாள் அவன் பாட்டி, ‘ராத்திரி மூச்சு நின்னு நின்னு வருதே தாயி, அதைக் கேக்கவே மாட்டீகளா?’ என்றார். கேட்டதே இல்லை. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினேன், ஆபரேஷன் ஆனது. அவன் ஒன்றும் சாதுவாகிவிடவில்லை. ஆனால் கடிப்பது நின்றது. நான் ஏழு மாதமாகச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அதற்குப் பிறகுதான் பிடித்தது.

உங்கள் பையனுக்கும் இதுவேதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. கவனக்குறைவும் மிகைத்துடிப்புமான ஏ.டி.எச்.டி. இருக்கலாம், ஆட்டிசம் இருக்கலாம், பேச்சோ அறிவு வளர்ச்சியோ பின்தங்கியிருக்கலாம். ஒன்றுக்கு மேலேயும் இருக்கலாம். சில விநாடி அப்படியே வெறித்துவிட்டு, கூப்பிட்டாலும் தெரியாமல் இருந்து, எதுவும் நடக்காத மாதிரித் திரும்ப விளையாடுகிறானா என்றும் பாருங்கள்; வலிப்பில் அப்படி ஒரு வகை உண்டு. இதையெல்லாம் ஐந்து நிமிஷத்தில் யாராலும் பார்த்துவிட முடியாது. என் முதல் சந்திப்பே ஒரு மணி நேரம் ஓடும். அதில் பாதி நேரம் பையன் தரையில் விளையாடிக்கொண்டிருப்பான், நான் பாட்டியிடம் பேசிக்கொண்டிருப்பேன்.

ரிஸ்பெரிடோனைப் பற்றிக் கேட்டீர்கள். அது விஷமும் இல்லை, சத்து டானிக்கும் இல்லை. பிள்ளை தனக்கோ பிறருக்கோ காயம் செய்கிற அளவுக்குப் போய், மற்ற வழிகள் போதாதபோது கொஞ்ச நாளைக்குக் கொடுக்கிற மருந்து. தூக்கமும் பசியும் அதன் பக்கவிளைவுகள். ஐந்து இட்லிக்குக் காரணம் அதுதான். கொடுத்தால் எடையை அடிக்கடி பார்க்க வேண்டும், ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். சீட்டையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு குழந்தை மனநல மருத்துவரிடம் போங்கள்; குறைப்பதா நிறுத்துவதா என்று அவர் சொல்வார். ஏ.டி.எச்.டி. என்றே முடிவானாலும், ஆறு வயதுக்குக் கீழே முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, பெற்றோருக்கான பயிற்சி. ‘எங்களுக்கா பயிற்சி? நாங்க என்ன தப்பு பண்ணோம்?’ என்று என் அறையில் எத்தனையோ அப்பாக்கள் எழுந்து போயிருக்கிறார்கள். தப்பு செய்ததற்கான தண்டனை இல்லை அது. சர்க்கரை வந்த பிள்ளையின் அம்மா ஊசி போடக் கற்றுக்கொள்கிற மாதிரிதான்.

அந்தப் பயிற்சியின் முதல் பாடத்தை உங்கள் கடிதத்தை வைத்தே நடத்திவிடலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில், முன்னால் என்ன நடந்தது: ஆறரை மணி, போனை வாங்கினேன். நடுவில், அவன் செய்தது: டம்ளரை எறிந்தான். மூன்றாவதில், பின்னால் என்ன கிடைத்தது: பாட்டி போனைத் திருப்பிக் கொடுத்தார். ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். டம்ளரை எறிந்தால் போன் வரும். உங்கள் வீட்டில் தவறாமல் நடக்கிற ஒரே சட்டம் அதுதான், அதை அவன் ஒழுங்காகப் படித்து வைத்திருக்கிறான்! மூளை நன்றாகத்தான் வேலை செய்கிறது.

பத்து நாள் எழுதுங்கள். அதற்குள் போன் நேரத்தை அரை மணி என்று முன்கூட்டியே சொல்லி, முடிவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஞாபகப்படுத்தி, அப்புறம் வாங்குங்கள். கத்துவான். பார்க்காத மாதிரி இருங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் கத்தல் இன்னும் கூடும். எப்போதும் வேலை செய்த சாவி இன்று திறக்கவில்லையே என்று இன்னும் வேகமாகத் திருகிப் பார்க்கிற மாதிரி. பெரும்பாலான வீடுகள் இங்கேதான் தோற்கும். மூன்றாம் நாள் போனைக் கொடுத்துவிட்டால், ‘இன்னும் பத்து நிமிஷம் கூடக் கத்தினால் கிடைக்கும்’ என்று கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும். அதனால் மாமியாரை எதிர்க்கட்சியாக்காதீர்கள். டாக்டரைப் பார்க்க அவரையும் கூட்டிப் போங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது டாக்டர் சொன்னால் ஏறும். (நானும் மாமியார் ஆகிவிட்டவள்தான், சொல்லலாம்.)

கடிப்பதையும் தலையை முட்டுவதையும் மட்டும் பார்க்காத மாதிரி இருக்கக் கூடாது. பாப்பாவைத் தூக்குங்கள், ‘கடிக்கக் கூடாது’ என்று இரண்டே வார்த்தை, பிறகு அவனை உங்கள் கண்ணில் படுகிற ஒரு ஓரத்தில் ஐந்து நிமிஷம் உட்கார வையுங்கள். வசவு வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். இப்போதைக்கு இரண்டு பேரையும் தனியாக விடவே விடாதீர்கள்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை இரண்டு வைக்கிற அப்பாவுக்கு ஒரு வேலை இருக்கிறது. தினமும் பத்து நிமிஷம் வீடியோ காலில் அவனோடு பேசட்டும். கேள்வி கேட்காமல், ‘ஏ, பி, சி, டி சொல்லு’ என்று பரீட்சை வைக்காமல், அவன் காட்டுகிற பொம்மையைப் பார்க்கட்டும். மாட்டுக்குச் சொன்ன பழமொழியை மாட்டோடு விட்டுவிடச் சொல்லுங்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரைக்குமான வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்க மாவட்ட அளவில் இருக்கிற இலவச மையம் அது. காது, பேச்சு, மனநலம் எல்லாவற்றுக்கும் அங்கிருந்து வழிகாட்டுவார்கள். அது போதாவிட்டால் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அதற்கு மேல் தேவைப்பட்டால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனி வார்டு உண்டு. அம்மாவோ அப்பாவோ கூடவே தங்குவார்கள். அவ்வளவு தூரம் உங்களுக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

பள்ளி விஷயம் கொஞ்சம் சிக்கல். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஆறு வயதிலிருந்து எட்டாம் வகுப்பு முடியும் வரை ஒரு பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. யு.கே.ஜி.க்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. அதனால் இப்போது சண்டைக்குப் போகாமல் மிஸ்ஸிடம் அந்த மூன்று கட்ட நோட்டைக் காட்டி, பள்ளியில் நடப்பதையும் ஒரு வாரம் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் மட்டும் ஆடுகிறானா, இரண்டு இடத்திலுமா என்பது டாக்டருக்கு அவசியம் தெரிய வேண்டும்.

இன்றைக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை. அவன் நன்றாகத் தூங்கின பிறகு, சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சும் வாயும் தெரிகிற மாதிரி இரண்டு நிமிஷம் போனில் வீடியோ எடுங்கள், டாக்டரிடம் காட்டுவதற்கு. மின்விசிறியை அந்த இரண்டு நிமிஷம் மட்டும் நிறுத்திவிடுங்கள், மூச்சுச் சத்தம் கேட்க வேண்டும்.