ஸ்டாக் வீல் எங்கே?

கேள்வி: ஐயா, என்னிடம் 2013 ஆகஸ்ட் பதிவு ஸ்விஃப்ட் விடிஐ டீசல் கார் இருக்கிறது. 2016ல் 4.6 லட்சத்துக்கு செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். 17 இன்ச் அலாய், 205/45 டயர், 40 மில்லிமீட்டர் இறக்கும் லோயரிங் ஸ்பிரிங், இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி சக்தி கூட்டும் ரீமேப், ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், பெயிண்ட் மேல் ஒட்டும் மேட் கறுப்பு ராப், டிக்கியில் சப்வூஃபர் என்று இதுவரை 2.8 லட்சம் செலவழித்திருக்கிறேன். பார்த்துப் பார்த்துச் செதுக்கிய வண்டி. ஒரு இன்சூரன்ஸ் கிளெய்ம் கூட எடுத்ததில்லை. ஆனால் அப்பாவுக்கு மூட்டுவலி. ஏறி இறங்க முடியவில்லை என்று டவுன் பஸ்ஸில் போகிறார். மனைவி இடுப்பு போகிறது என்கிறார். விற்கலாம் என்று போனால் 2.3 லட்சத்துக்கு மேல் யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். எதிர்வீட்டில் அதே வருட விடிஐ, ஒன்றுமே செய்யாத மொட்டை வண்டி, 3.3க்குப் போனது. ரசனை கெட்ட ஊர்! இதற்கிடையில் பெங்களூரில் 2017 போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்று 6.4 லட்சத்துக்கு வருகிறது. அதன் ஓனர் ரீமேப் செய்திருக்கிறார், எப்படி அடித்து ஓட்டினாரோ என்று பயமாக இருக்கிறது. ஒரு லட்சமாவது குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா? என் ஸ்விஃப்ட்டை விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?
– பெயர் வேண்டாம், கோவை.

பதில்: எழுதி முடித்தபின் கடிதத்தை நீங்கள் திருப்பிப் படிக்கவில்லை போலிருக்கிறது. போலோக்காரர் ரீமேப் செய்திருக்கிறார், எப்படி அடித்தாரோ, ஆகவே ஒரு லட்சம் குறைக்க வேண்டும். சரியான கணக்குத்தான். உங்கள் ஸ்விஃப்ட்டைச் சுற்றிவந்து பார்த்தவர்களும் இதையேதான் போட்டார்கள். எதிர்வீட்டு மொட்டை வண்டிக்கும் உங்கள் வண்டிக்கும் இடையில் விழுந்திருப்பது எவ்வளவு? அதே ஒரு லட்சம். ரசனை கெட்ட ஊர் என்கிறீர்களே, உங்கள் ரசனையும் ஊர் ரசனையும் பைசா பிசகாமல் ஒத்துப்போகிறது.

விற்றுவிடுங்கள். ஆனால் இப்போது நிற்கிற கோலத்தில் விற்காதீர்கள்.

2.8 லட்சத்தை மறந்துவிடுங்கள் என்று சொன்னால் வயிற்றெரிச்சலாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஒரு காலத்தில் என் மாருதி 800க்கு அகல டயர் போட்டேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே உரசி ஒரு சத்தம் வரும். அதை ரேஸ் கார் சத்தம் என்று நானே நினைத்துக்கொண்டேன். விற்கும்போது வாங்க வந்தவர் கேட்ட ஒரே கேள்வி, "பழைய டயர் இருக்குங்களா?" காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பக்கத்து மரத்துக் காக்கைக்கு அது வெறும் குஞ்சு.

உங்கள் வண்டியை வாங்க வருபவர் கண்ணால் அதைப் பாருங்கள். விடிஐ கம்பெனியிலிருந்து வந்தபோது அதன் டயர் 165/80 ஆர்14, அதாவது அகலம் 165 மில்லிமீட்டர், ரப்பர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 இன்ச். இப்போது 205/45 ஆர்17. மொத்த உயரத்தில் பெரிய மாற்றமில்லை, மூன்று மில்லிமீட்டர் குறைந்திருக்கும். டயர் கடைக்காரர் அதைத்தான் காட்டி, "ஸ்பீடோமீட்டர் தப்பாக் காட்டாது சார்" என்று சமாதானம் சொல்லியிருப்பார். அவர் சொல்லாதது வேறொன்று. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருந்த ரப்பர் 132 மில்லிமீட்டரிலிருந்து 92 ஆகிவிட்டது. தரைக்கும் வண்டிக்கும் இருந்த 170 மில்லிமீட்டரையும் ஸ்பிரிங் போட்டு 130 ஆக்கிவிட்டீர்கள். பள்ளத்தை டயர் வாங்கிக்கொள்ளும், மிச்சத்தை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் என்பது வடிவமைத்தவர்களின் ஏற்பாடு. இரண்டையும் குறைத்தால் மிச்சம் யாரிடம் போகும்? உங்கள் மனைவியின் இடுப்பிடம். அவர் சும்மா சொல்லவில்லை.

ரீமேப் இன்னும் மோசம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. அந்த 1.3 டீசலுக்குக் கம்பெனி வைத்த அளவு 75 குதிரை சக்தி, 190 என்எம் டார்க். கூட எவ்வளவு ஏற்றினீர்கள் என்று எழுதவில்லை. எவ்வளவானாலும் அதைச் சுமப்பது அதே கிளட்ச், அதே டர்போ, முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்முமான அதே பிரேக். பிரேக்குக்குச் செலவழித்ததாக உங்கள் பட்டியலில் ஒரு வரி இல்லை. சப்வூஃபருக்கு இருக்கிறது. வாங்குபவர் ஒடோமீட்டரைப் படிக்கலாம், சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டலாம், உங்கள் வலது கால் ஒன்பது வருடமாக என்ன செய்தது என்று மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. தெரியாததற்குத்தான் விலையைக் குறைக்கிறார்.

ஆனால் மொட்டை ஸ்விஃப்ட் டீசலுக்கு இன்னும் ஆள் இருக்கிறது. இதே இன்ஜின் ஃபியட்டில் பிறந்து மாருதி, டாடா என்று பல பானெட்டுகளுக்குள் ஓடியது. எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் காரையே நிறுத்திவிட்டது. புதிதாக வராததால், தினம் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் பழையதில்தான் தேடுகிறார்கள். எதிர்வீட்டுக்காரருக்கு 3.3 கிடைத்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதிலாக நான் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. ஸ்டாக் வீல் எங்கே? கம்பெனி கொடுத்த அந்தப் பழைய வீல், பழைய ஸ்பிரிங், பழைய சைலன்சர் எங்கே? பரணில் இருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். ஒரு நாள் லேபர் செலவில் வண்டி பழையபடி ஆகிவிடும். டயர் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குத் தள்ளிவிட்டிருந்தால் உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேட வேண்டியதுதான். 14 இன்ச் இரும்பு வீல் ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. ரீமேப் செய்தவரிடம் உங்கள் வண்டியின் ஒரிஜினல் ஃபைல் இருக்க வேண்டும், திருப்பி ஏற்றித் தரச் சொல்லுங்கள். இல்லை என்று கைவிரித்தால், அவரிடம் இன்ஜினை ஒப்படைத்ததை நினைத்து இன்று ராத்திரி கொஞ்சம் வருத்தப்படலாம். ராப்பை நீங்களே நகத்தால் உரிக்காதீர்கள். பல வருட வெயிலில் காய்ந்த பசை பெயிண்ட்டையும் சேர்த்துக்கொண்டு வரும்.

கழற்றிய அலாய், டயர், ஸ்பிரிங், எக்ஸாஸ்ட், சப்வூஃபர் எல்லாவற்றையும் தனித்தனியாக விற்றுவிடுங்கள். அவற்றுக்கென்று தனி ஆட்கள் உண்டு, உங்களைப் போலவே ரசனை உள்ளவர்கள். வண்டியோடு சேர்த்துக் கொடுத்தால் விலையைக் குறைக்கிற அதே சாமான், கழற்றி வைத்தால் காசு. பாதி விலைக்குக் கூடப் போக வேண்டாம், கால் விலைக்குப் போனாலே லாபம்தான். வண்டியில் திரும்பும் ஒரு லட்சத்தோடு இதைக் கூட்டி, லேபரைக் கழித்துப் பாருங்கள். இந்த ஒரு வார வேலைக்கு இதைவிட நல்ல கூலி யாரும் தர மாட்டார்கள்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே ஒரு பதில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எல்லா மாற்றமும் இதில் அடங்காது. சப்வூஃபருக்காக யாரும் உங்களைப் பிடிக்கப்போவதில்லை. ஆனால் நிறம் ஆர்சியிலேயே அச்சாகியிருக்கிறது. அதில் வெள்ளை என்றிருக்க, கறுப்பு வண்டியோடு கைமாற்றத்துக்குப் போனால் ஆர்டிஓ அலுவலக வாசலில் யார் விழிப்பது? புரோக்கருக்கு இது தெரியும், அதையும் 2.3க்குள் கழித்துவிட்டார்.

2028 ஆகஸ்டில் உங்கள் ஆர்சிக்குப் பதினைந்து வருடம் முடிகிறது. புதுப்பிக்க வண்டியை இன்ஸ்பெக்டர் முன் நிறுத்த வேண்டும். 15 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். அன்றைக்கு எப்படியும் ஸ்டாக்குக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். அதை இப்போதே செய்தால் விலை ஏறும். அப்போது செய்தால் எஃப்சி மட்டும்தான் கிடைக்கும். ஆகவே வைத்துக்கொள்ளலாமா என்ற பாதிக் கேள்விக்கும் பதில் சொல்லியாயிற்று. வேகம்தான் வேண்டுமென்றால், நீங்கள் இருப்பது கோவையில். செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா கார் கட்டிய கரிவரதனின் பெயரில் நிற்கிற ட்ராக். அந்த மனிதர் மாற்றியதற்கும் நாம் அவிநாசி ரோட்டில் ஓட்ட மாற்றுவதற்கும் நடுவில் ஒரு ஊரே இருக்கிறது.

விற்கும்போது இரண்டு விஷயம். கைமாற்றத்துக்கான ஃபார்ம் 29லும் 30லும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள். 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிப்பது விற்பவரின் கடமை. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் சரி. அடுத்தது நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எடுக்காதவருக்கு இன்சூரன்ஸ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. கிளெய்ம் இல்லாமல் ஐந்து வருடம் தாண்டியிருந்தால் 50 சதவீதம் சேர்ந்திருக்கும். அது உங்களுக்குரியது, வண்டிக்கு இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் அடுத்த வண்டிக்குப் போட்டுக்கொள்ளலாம். நிறைய பேர் இதை வாங்குபவருக்கு இனாமாகக் கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். அவருக்கும் அது போகாது, சும்மா காற்றில் போகும்.

போலோவுக்கு வருவோம். ஓட்ட அருமையான வண்டி, மறுக்கவில்லை. ஆனால் கர்நாடகப் பதிவு. அங்கே ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்கி, இங்கே வாழ்நாள் வரி கட்டி, நம்பர் மாற்றுகிற செலவை 6.4ல் கூட்டினீர்களா? 2022லேயே அந்த மாடல் இந்தியாவில் நின்றுபோயிற்று. டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி, உலர் கிளட்ச். அதற்கு மேல் ரீமேப். அந்தப் பெட்டி ஒருமுறை படுத்தால் நீங்கள் பேரம் பேசிக் குறைத்த ஒரு லட்சம் அங்கேயே போய்விடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதம் ஆகி, மேலே இருந்த செஸ்ஸும் போய்விட்டது. இந்தக் காசுக்குப் பக்கத்தில் வாரண்டியோடு புது வண்டியே வருகிறதா என்று ஷோரூமில் ஒரு எட்டு கேட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. போலோவும் உட்காரத் தாழ்வான வண்டிதான். அப்பாவின் முழங்காலை வைத்துத் தொடங்கிய கடிதம் 105 குதிரை சக்தி டர்போ பெட்ரோலில் வந்து நிற்கிறது, கவனித்தீர்களா? எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஓட்டிக் காட்ட வேண்டாம். கதவைத் திறந்து ஏறி, ஒரு நிமிடம் உட்கார்ந்து, யார் கையையும் பிடிக்காமல் அவர் இறங்கினால் அட்வான்ஸ் கொடுக்கலாம்.