வட்டிலப்பத்தின் மேல் பழி

அன்புள்ள சேர்,

உடம்பெல்லாம் தடித்துக் கடிக்கிற 'அர்ட்டிகேரியா' நோய் உங்களை ஒன்றரை வருடம் ஆட்டிவைத்துவிட்டுப் போன கதையை எழுதியிருந்தீர்கள். அப்போது எனக்கும் அதே நோய். பிறகு எனக்கும் நின்றது. இரண்டு வருடம் ஒரு தடிப்புக்கூட இல்லை. நோன்புப் பெருநாள் கழிந்து நாலாம் நாள் இரவு இடுப்பில் தொடங்கியது, விடியும்போது முதுகு முழுவதும். மாமி பெருநாளுக்குத் தான் செய்த வட்டிலப்பத்தைக் குற்றம் சொல்கிறார். கரப்பன் என்று இறால், நண்டு, கத்தரிக்காய், முட்டை எல்லாம் நிறுத்தி ஏழு கிழமை. சோறும் பருப்பும்தான். ஆனாலும் வருகிறது. நான் எங்கே பிழை விட்டேன்? உங்களுக்குத் திரும்ப வரவே இல்லையா?

வாசகி, மருதமுனை

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வந்தது. அந்தக் கட்டுரை வெளியாகிப் பதினான்கு மாதம் இருக்கும். ஒரு நாள் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால், தோள்பையின் வார் கிடந்த இடம் அப்படியே ஒரு சிவந்த பட்டையாக எழும்பி நிற்கிறது. அதை நான் எழுதவில்லை. 'குணமாகிவிட்டது' என்று ஊருக்கெல்லாம் சொன்னவனுக்கு வெட்கமாக இருந்தது. 'அடங்கியிருக்கிறது' என்றுதான் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். 'குணம்' என்ற சொல்லை நம்பிய உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

வட்டிலப்பத்தை விட்டுவிடுங்கள், பாவம். உணவு ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடத்தில், மிஞ்சினால் ஓரிரு மணித்தியாலத்தில் காட்டிவிடும். நாலு நாள் காத்திருக்காது. ஆறு கிழமைக்கு மேல் விட்டுவிட்டு வருகிற தடிப்புக்குச் சாப்பாடு காரணமாவது அரிது. காஞ்சோண்டி பட்டதுபோல எழும்புகிறது, ஆனால் வெளியே இலை எதுவும் இல்லை. பலருக்கு உடம்பின் நோயெதிர்ப்பே தோலடியில் இருக்கும் சில உயிரணுக்களைச் சீண்டிவிடுகிறது. அவை தடிப்பையும் கடியையும் எழுப்புகிற ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. ஏழு கிழமை சோறும் பருப்பும் தின்று நீங்களே பரீட்சையை நடத்தி முடித்துவிட்டீர்கள். இன்னும் எதற்குத் தண்டனை?

தூண்டிவிடுகிற விடயங்கள் உண்டு: காய்ச்சல், மனக்கவலை, இறுக்கமான உடுப்பு, சிலருக்கு அஸ்பிரின், டைக்ளோபெனக் போன்ற வலி மாத்திரைகள். பெருநாளையொட்டி அப்படி ஏதும் விழுங்கினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அகப்படாவிட்டால் தேடுவதை நிறுத்துங்கள். தைரொயிட்டை மட்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லி வைத்தியரிடம் கேட்கலாம்.

ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போடும்படி என் வைத்தியர் சொன்னார். மனைவி நீலப் பேனாவால் தொடையில் மூன்று வட்டம் போட்டாள். காலையில் கிணற்றடியில் பார்த்தால் வட்டம் மூன்றும் இருக்கின்றன, உள்ளே வெறும் தோல். தடிப்புகள் முதுகுக்குக் குடிபெயர்ந்திருந்தன. உங்களுக்கும் அப்படியென்றால் பயமில்லை. 24 மணித்தியாலம் தாண்டியும் அதே இடத்தில் நின்றால், கடியைவிட வலி கூடினால், கண்டல்போல அடையாளம் விட்டால், அது வேறு வகையாக இருக்கலாம், காட்ட வேண்டும்.

பிழை நான் விட்டது மாத்திரையில். கடித்தால் மட்டும், தூக்கம் தருகிற பழைய ஒவ்வாமை மாத்திரையான பிரிட்டன் (Piriton) ஒன்று போடுவேன். (அதைப் போட்டுக்கொண்டு களுவாஞ்சிகுடியில் இறங்க வேண்டியவன் கல்முனையில் கண்விழித்திருக்கிறேன்.) இப்போது தூக்கம் குறைவாகத் தருகிற வகை, கடித்தாலும் கடிக்காவிட்டாலும் தினமும். செட்டிரிசின், லோரட்டடீன், பெக்ஸோபெனடீன் எல்லாம் அந்த வகைதான். போதாவிட்டால் வைத்தியர் நான்கு மடங்குவரை கூட்டலாம், நீங்களாகக் கூட்டாதீர்கள். அதற்கும் அடங்காதவர்களுக்கு ஒமலிசுமாப் என்றொரு ஊசி இருக்கிறது. ஸ்டீரொயிட் மாத்திரை உடனே அடக்கும்தான், ஆனால் நிறுத்தியதும் பலருக்குத் திரும்பிவிடும். அதை மாதக்கணக்கில் தொடரக்கூடாது. நாக்கு வீங்கினால், மூச்சு முட்டினால் மாத்திரையைத் தேடாமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

இந்தக் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள், வட்டிலப்பம் செய்தவரும் அவர்தானே. எனக்கு நான்கு மாதமாகத் தினம் ஒரு மாத்திரை. நேற்று வார் பட்ட இடத்தில் இரண்டு தடிப்பு, இன்று காலை இல்லை.