மாதிரி ரயில் அமைப்பில் மரத்தாலான ட்ரெஸ்டில் பாலத்தை நாமே கட்ட முடியுமா? எச்.ஓ. அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு), 60 செ.மீ. ஆரமுள்ள வளைவில், ஒரு மீட்டர் நீளமும் 20 செ.மீ. ஆழமும் உள்ள பள்ளத்தைக் கடக்க வேண்டும். அல்லது முதல் பாலத்திற்குக் கிட் (வெட்டிய துண்டுகள் அடங்கிய தயார்த் தொகுப்பு) வாங்கலாமா?

முடியும். இதுவரை நான் மூன்று கட்டியிருக்கிறேன். முதலாவது பாலத்தைக் கடைசியில் பிரித்துப்போட வேண்டியதாயிற்று. மற்ற இரண்டின் மீதும் இன்றும் வண்டி ஓடுகிறது. பிரித்துப்போட்டதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது. பள்ளத்தின் ஆழத்தை ஒவ்வோர் இடத்திலும் அளவுகோலால் அளந்து, அந்த அளவுக்குப் பாலத்தைத் தாங்கும் சட்டகங்களை வெட்டி, தரையில் வரிசையாக நிறுத்தி ஒட்டிவிட்டு, அதன் பிறகு மேலே தண்டவாளத்தை வைத்தேன். மூன்று சட்டகங்கள் ஒரு மில்லிமீட்டர் குட்டை. ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் நெட்டை. பார்வைக்குப் பாலம் அழகாகத்தான் இருந்தது, ஆனால் வண்டி ஓடியபோது பெட்டிகளின் கொக்கிகள் அந்த மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் கழன்றுகொண்டன. நிஜப் பாலத்தைத் தரையிலிருந்துதான் மேலே எழுப்புவார்கள். மாதிரிப் பாலத்தை மேலிருந்து கீழே இறக்கிக் கட்ட வேண்டும்.

அதற்கு முன், நிஜப் பாலத்தின் உறுப்புகளைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. ட்ரெஸ்டில் என்பது குறுகிய இடைவெளிகளில் நிற்கும் பல மரச் சட்டகங்களின் வரிசை. ஒவ்வொரு சட்டகத்திலும் நான்கு அல்லது ஐந்து கால்கள், அவற்றின் உச்சியில் ஒரு தலைக்கட்டை, அடியில் ஓர் அடிக்கட்டை, பக்கவாட்டில் ஆடாமலிருக்க இருபுறமும் பெருக்கல் குறிபோல அறையப்பட்ட மூலைப்பட்டைகள் ஆகியவை இருக்கும். தலைக்கட்டைகளின் மேல் நீளவாக்கில் உத்திரங்களும், உத்திரங்களின் மேல் ஸ்லீப்பர் கட்டைகளும் வரும். வட அமெரிக்காவில் ஒரு சட்டகத்திற்கும் அடுத்ததற்கும் இடையே பெரும்பாலும் 14 முதல் 16 அடி வரை விட்டார்கள்; கால்கள் பொதுவாக 12 அங்குலச் சதுர மரங்கள். எச்.ஓ. அளவில் ஓர் அடி என்பது 3.5 மி.மீ. ஆகையால், 3.5 மி.மீ. சதுரக் குச்சியும் 52.5 மி.மீ. இடைவெளியும் உங்களுக்குப் போதும். ஒரு மீட்டர் நீளத்தில் 19 கண்கள், அதாவது இரு கரைகளுக்கும் நடுவே 18 சட்டகங்கள் வரும். எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஓர் அச்சுப் பலகை இருந்தால் மாலைக்கு இரண்டு சட்டகங்களை நிதானமாக முடித்துவிடலாம்.

அந்த அச்சுப் பலகைதான் இந்த வேலையின் உயிர். பள்ளத்தின் மிக ஆழமான இடத்திற்குரிய சட்டகத்தை மட்டும் உண்மை அளவில் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். தலைக்கட்டைக்கு 14 அடி, அதாவது 49 மி.மீ. நீளம் கொடுக்கலாம். உள் கால்கள் இரண்டும் ஏறக்குறைய செங்குத்தாக நிற்க, வெளிக் கால்கள் கீழே போகப்போக அகன்றுகொண்டே செல்ல வேண்டும், ஐந்து மி.மீ. இறங்கினால் ஒரு மி.மீ. வெளியே போகும் சாய்வை நான் வைத்துக்கொண்டேன். இந்தச் சாய்வு எல்லாச் சட்டகங்களுக்கும் ஒன்றே என்பதால், குட்டையான சட்டகம் ஒவ்வொன்றும் இந்த நெட்டைச் சட்டகத்தின் மேல்பகுதிதான். பதினெட்டுப் படங்கள் வரையத் தேவையில்லை. ஒரே படத்தில், வேண்டிய உயரத்தில் ஒரு கோடு போட்டு அங்கே அடிக்கட்டையை வைத்தால் போதும். இதைப் புரிந்துகொள்ளாமல் ஒவ்வொரு சட்டகத்தின் அடியையும் ஒரே அகலத்திற்கு விரிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்த பாலத்தைப் பார்த்தால் கால்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் கண்ணை உறுத்தும்.

படத்தைத் தட்டையான பலகையில் ஒட்டி, பசை பிடிக்காமலிருக்க அதன் மேல் மெழுகுத்தாளையோ ஒளிபுகும் டேப்பையோ பரப்பி, கால்களின் கோடுகளுக்கு இருபுறமும் சிறு முட்டுக்கட்டைகளை ஒட்டிவிடுங்கள். குச்சியை முட்டுகளுக்கு இடையே செருகினால் அது தானாகவே சரியான சாய்வில் உட்கார வேண்டும். தலைக்கட்டை வந்து முட்டும் இடத்தில் ஒரு நேர்ச்சட்டத்தை மூலைமட்டம் வைத்துப் பொருத்துவது மிக முக்கியம், ஏனென்றால் எல்லாச் சட்டகங்களுக்கும் பொதுவான அளவுமூலம் உச்சிதான், அடி அல்ல. கால்களின் மேல்நுனியைச் சாய்வுக்கு ஏற்பச் சரித்து வெட்ட வேண்டும். கையால் ஒவ்வொன்றாக வெட்டாமல், அந்தக் கோணத்தில் பிளவுபட்ட ஒரு சிறு வெட்டுப்பெட்டியைச் செய்துகொண்டு, எல்லாக் குச்சிகளையும் ஒரே அமர்வில் வெட்டிவிடுங்கள். மூலைப்பட்டைகளுக்கு ஏறக்குறைய 0.9 மி.மீ. தடிமனும் 2.9 மி.மீ. அகலமும் உள்ள பட்டை பொருந்தும். 20 செ.மீ. என்பது நிஜத்தில் 17 மீட்டருக்கு மேல் என்பதால், உயரமான சட்டகங்களுக்கு ஒரே ஒரு பெருக்கல் குறி போதாது. நடுவே படுக்கைப்பட்டைகள் கொடுத்து இரண்டு அல்லது மூன்று அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் தனித்தனியே மூலைப்பட்டைகள் இடுங்கள்.

மரத்தைப் பொறுத்தவரை பால்சாவைத் தவிர்த்துவிடுங்கள். விரலால் அழுத்தினாலே பள்ளம் விழும். வெட்டும்போது நுனி நசுங்கும். அதன் நார் இந்த அளவுக்கு மிகவும் தடிப்பாகத் தெரியும். பாஸ்வுட் குச்சிகள் நேராகவும் நுண்ணிய நாரோடும் இருக்கும். இல்லையென்றால் முடிச்சில்லாத, நெருக்கமான நாருள்ள வேறு எந்த மரத்தையும் மெல்லிய ரீப்பராக அறுத்துப் பயன்படுத்தலாம்.

சாயம் பூசுவது பசைக்கு முன்பா பின்பா என்று பலரும் கேட்கிறார்கள். முன்புதான், அதில் சந்தேகமே வேண்டாம். மரப்பசை ஒருமுறை நாருக்குள் இறங்கிவிட்டால், அந்த இடத்தில் சாயம் ஏறாது. பாலம் முழுவதும் இணைப்புக்கு இணைப்பு வெளிறிய தேமல்போலத் தெரியும். அரை லிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு தேக்கரண்டி கறுப்பு இந்தியன் இங்க் கலந்து, குச்சிகளை அதில் சில நிமிடங்கள் போட்டு எடுத்தால் வெயிலில் கிடந்த மரத்தின் சாம்பல் நிறம் வரும். தண்ணீரில் கலந்தால் மெல்லிய பட்டைகள் முறுக்கிக்கொள்ளும். இந்த ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால், காற்றோட்டமான இடத்தில் நெருப்புக்கு எட்டாமல் வைத்துச் செய்யுங்கள். நிஜ மரங்களை, உளுத்துப்போகாமலிருக்க, கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறவைத்துப் பயன்படுத்தினார்கள். புதிதில் அவை கரும்பழுப்பாக இருந்து, ஆண்டுகள் செல்லச்செல்ல வெளுக்கும். ஆகவே, குச்சிகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பழுப்புச் சாயத்தில் இன்னொரு முறை முக்கினால், இடையிடையே மரம் மாற்றிப் பழுதுபார்க்கப்பட்ட பாலம்போல இருக்கும். வெட்டிய நுனிகளைத் தூரிகையால் தொட்டுவிட மறக்காதீர்கள்.

இனி வளைவு. புதிதாகக் கட்டுபவர்கள் பெரும்பாலும் உத்திரத்தை வளைக்க முயன்று குச்சியை ஒடித்துக்கொள்கிறார்கள். நிஜத்தில் யாரும் உத்திரத்தை வளைக்கவில்லை. ஒவ்வோர் உத்திரமும் தலைக்கட்டைக்குத் தலைக்கட்டை நேராகத்தான் போகும். வளைவது தண்டவாளம் மட்டுமே. 52.5 மி.மீ. நீளமுள்ள நேர்த்துண்டு, 600 மி.மீ. ஆரமுள்ள வளைவிலிருந்து நடுவில் எவ்வளவு விலகும் என்று கணக்கிட்டால், நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க, 0.57 மி.மீ. வருகிறது. அதை ஸ்லீப்பர்களின் அகலம் விழுங்கிவிடும். ஒவ்வொரு தண்டவாளத்தின் அடியிலும் மூன்று உத்திரங்கள் வருமாறு, அவற்றுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விட்டு ஒட்டுங்கள். மழைநீர் தங்கி மரம் உளுத்துவிடாமல் காற்று புக, நிஜத்திலும் இப்படித்தான் விட்டார்கள்.

சட்டகங்களோ வளைவின் மையத்தை நோக்கி நிற்க வேண்டும். மையத்தில் ஓர் ஆணி அடித்து, நூலை இழுத்து ஒவ்வொரு சட்டகத்தின் இடத்தையும் குறியுங்கள். உயரமான சட்டகத்தின் அடி ஏறக்குறைய 120 மி.மீ. அகலம் என்பதால், தரைமட்டத்தில் உள்பக்கக் கால்களுக்கு இடையே சுமார் 47 மி.மீ., வெளிப்பக்கத்தில் சுமார் 58 மி.மீ. என்று இடைவெளி மாறும். சட்டகத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் நீளவாக்குப் பட்டைகளை ஒரே அளவில் முன்கூட்டி வெட்டி வைத்தால் அத்தனையும் வீணாகும். இடத்தில் பிடித்துப் பார்த்து ஒவ்வொன்றாக வெட்டுங்கள்.

உங்கள் ஆரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவின் வான்கூவர் தீவில் 1920-இல் கட்டி முடிக்கப்பட்ட கின்சால் ட்ரெஸ்டில், 44 மீட்டர் உயரமும் 188 மீட்டர் நீளமும் உள்ள, 7 டிகிரி வளைவிலுள்ள பாலம். அந்த வளைவின் ஆரம் ஏறக்குறைய 250 மீட்டர். உங்கள் 60 செ.மீ. ஆரம் நிஜத்தில் 52 மீட்டர்தான். இடநெருக்கடிக்கு வேறு வழியில்லை, ஆனால் கூர்மையான வளைவில் சட்டகங்களை 45 மி.மீ. வரை நெருக்கினால், முறிவு முறிவாகத் தெரியாமல் பாலம் சீராகத் திரும்பும். என் மூன்றாவது பாலத்தில் அப்படித்தான் செய்தேன். நான்கு சட்டகங்கள் கூடின, அவ்வளவே.

இப்போது மேலிருந்து கீழே என்று நான் சொன்னதற்கு வருகிறேன். முதலில் பாலத்தின் மேல்தளத்தை மட்டும், அதாவது உத்திரம், ஸ்லீப்பர், தண்டவாளம் ஆகியவற்றை, மேசையில் உண்மை அளவுப் படத்தின் மேல் வைத்து முடியுங்கள். பாலத்து ஸ்லீப்பர்கள் சாதாரண இருப்புப்பாதையில் உள்ளவற்றைவிட நீளமாகவும் நெருக்கமாகவும் இருக்கும், அவற்றுக்கு இடையே ஜல்லியும் கிடையாது. ஆகையால் கடையில் கிடைக்கும் வளையும் தண்டவாளத்தை அப்படியே வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். 2.3 மி.மீ. சதுரத்தில் 35 மி.மீ. நீளமுள்ள துண்டுகளை 4 மி.மீ.க்கு ஒன்றாக அடுக்கி, மேல்முகத்தை உப்புத்தாள் ஒட்டிய பலகையால் ஒரே மட்டமாகத் தேய்த்து, அதன் மேல் தண்டவாளத்தை 16.5 மி.மீ. இடைவெளியில், அளவிகொண்டு சரிபார்த்தபடி ஒட்டுங்கள்.

இந்தத் தளத்தை இரு கரைகளிலும் உள்ள தண்டவாளங்களோடு இணைத்து, நடுவில் இரண்டு மூன்று தற்காலிக முட்டுகள் கொடுத்து, ரசமட்டம் வைத்து மட்டம் பாருங்கள். உங்களிடம் உள்ள மிகக் கனமான என்ஜினையும் மிக நீளமான பெட்டியையும் இரு திசைகளிலும் ஓட்டிப் பாருங்கள். வண்டி பிசகில்லாமல் போன பிறகுதான் சட்டகங்கள் உள்ளே நுழைய வேண்டும். ஒவ்வொன்றையும் தேவைக்கு மூன்று நான்கு மி.மீ. குட்டையாகவே செய்து, உத்திரத்தின் அடியில் ஒட்டித் தொங்கவிடுங்கள். அடிக்கட்டைக்கும் தரைக்கும் நடுவே மிஞ்சும் இடைவெளியில், கல்லாலோ கான்கிரீட்டாலோ ஆன அடித்தளம்போல பிளாஸ்டர் துண்டுகளைத் தேய்த்துத் தேய்த்துச் செருகுங்கள். முதல் பாலத்தில் என்னைப் படுத்திய அந்த ஒரு மில்லிமீட்டர்ப் பிழைகள் எல்லாம் இந்தத் துண்டுகளுக்குள் அடங்கிவிடும். பள்ளத்தின் பாறைக்கும் மண்ணுக்கும் வண்ணம் பூசுவதை இதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பதினெட்டுச் சட்டகங்கள் நின்ற பிறகு அந்தக் காட்டுக்குள் தூரிகை நுழையாது.

முதல் பாலத்திற்குக் கிட் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நேரான பாலமென்றால் வாங்கலாம், தவறில்லை. வளைவுக்கும் உங்கள் பள்ளத்தின் வடிவத்திற்கும் எப்படியும் பாதியை வெட்டி மாற்றத்தான் போகிறீர்கள் என்பதால், குச்சிகளாக வாங்குவதையே நான் விரும்புவேன்.

நீராவி என்ஜின் காலத்துப் பாலமாக இருந்தால், தளத்தின் ஓரத்தில் சிறு மேடைகள் அமைத்துத் தண்ணீர்ப் பீப்பாய்கள் வையுங்கள். என்ஜினிலிருந்து விழும் கங்கு மரத்தைப் பற்றிக்கொண்டால் அணைப்பதற்காக வைத்தவை அவை. அந்த அச்சம் வீணானதல்ல. ரயில் போக்குவரத்தே நின்றுவிட்ட பிறகு, 2003-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மைரா பள்ளத்தாக்கில் காட்டுத்தீயில் 12 மரப் பாலங்கள் எரிந்துபோயின. மேடையை ஒட்டுவதற்கு முன் நீளமான பெட்டியை மெதுவாகத் தள்ளி, வளைவில் அதன் உடல் மேடையில் உரசுகிறதா என்று பாருங்கள். பீப்பாய்களை எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒட்டுங்கள். கை பட்டால் முதலில் உதிர்பவை அவைதான், என்னுடையவற்றில் இரண்டு இன்னும் பள்ளத்தின் அடியில் கிடக்கின்றன.