‘நடக்க முடியாது’ என்று யார் சொன்னது?

கேள்வி: நாங்கள் அட்லாண்டா பக்கம் பல வருடமாக இருக்கிறோம். ஒவ்வொரு நவம்பரிலும் கல்யாண நாளையொட்டி நானும் அவரும் நான்கு நாள், இங்கே ஜார்ஜியாவிலேயே இருக்கிற பழைய ஊரான சவானாவுக்குப் போய்விடுவோம். அதே ஊர், அதே பூங்கா, முடிந்தால் அதே ஹோட்டல். வேறு ஊர்களுக்கு டிக்கெட் பார்த்தாலும் கடைசியில் மனசு அங்கேதான் போய் நிற்கிறது. என் நாத்தனார் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், "போன ஊருக்கே போறதுக்கு இவ்வளவு செலவா? அங்க அப்படி என்னதான் இருக்கு?" என்று குத்திக்காட்டுகிறார். இந்த வருடம் பேச்சு ரொம்பவே அதிகம். மாமனார் தவறிய பிறகு அத்தை முதல் முறையாக எங்களோடு ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார். முழங்கால் வலி, நடக்க முடியாது என்பதால் அவரைத் தோழி வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். போரடிக்கக் கூடாதே என்று சீரியல் எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம். அவரே "நீங்க போயிட்டு வாங்க" என்றுதான் சொன்னார். நாத்தனாருக்கு நான் என்ன பதில் சொல்வது? ஒரு ஊர் ஏன் மனுஷரை இப்படி இழுக்கிறது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஜார்ஜியா

பதில்: ஊர் ஏன் இழுக்கிறது என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். அது சுலபம்.

1733-இல் ஜார்ஜியாவை நிறுவிய ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஓகல்தார்ப் அந்த ஊரை அமைத்தபோதே, கொஞ்சம் வீடுகள், நடுவே ஒரு சதுக்கம், மறுபடி வீடுகள், மறுபடி ஒரு சதுக்கம் என்று கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி திட்டம் போட்டுவிட்டார். ஊர் வளர வளர அதே கணக்கில் வளர்ந்து 24 சதுக்கங்கள் ஆயின. 22 இன்றும் இருக்கின்றன. கார்க்காரர்கள் சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்; அதனால் வேகம் தானாகக் குறைந்துவிடும். மேலே கூடாரம் போட்ட மாதிரி ஓக் மரங்கள். கிளை கிளையாகத் தொங்கும் அந்தச் சாம்பல் நிறச் சடை, பார்க்கப் பாசி மாதிரி இருந்தாலும் அன்னாசிக்கு உறவுக்காரச் செடி. அதன் நிழலில் பெஞ்சு. நீங்கள் இருக்கும் இடத்திலோ பால் பாக்கெட் தீர்ந்தால் கார் சாவியைத் தேட வேண்டும். அங்கே அறையை விட்டு இறங்கினால் கால் போன போக்கில் நடக்கலாம், தோன்றினால் உட்காரலாம், எதிரே போகிறவர் "குட் மார்னிங்" சொல்வார். வருடம் முழுக்க ஹைவேயிலும் மீட்டிங்கிலும் கழிக்கிற இரண்டு பேருக்கு அது இழுக்காமல் வேறு எது இழுக்கும்? பார்க்க வேண்டியதை எல்லாம் முன்பே பார்த்தாகிவிட்டது, ஓட வேண்டியதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரோடு ஒருவர் பேசுகிறீர்கள். போங்கள், வருடா வருடம் போங்கள். உங்கள் காசு, உங்கள் கல்யாண நாள். நாத்தனாருக்கு நான் பதில் எழுதித் தருவதாக இல்லை.

இவ்வளவோடு நிறுத்திக்கொள்வேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. ஊர்ப் பெயர் மட்டும் மாறும்; நடுவில் ஒளிந்துகொண்டிருக்கும் ஒரு வரி மாறாது. உங்கள் கடிதத்தில் அந்த வரி, ‘முழங்கால் வலி, நடக்க முடியாது என்பதால்’.

யார் சொன்னது? டாக்டரா? அத்தையா? இந்தியாவிலிருந்து விமானம் மாறி, குடியேற்ற வரிசையில் நின்று, உங்கள் வீடு வரைக்கும் வந்து சேர்ந்த முழங்கால் அது. உங்களுக்குச் சவானா தெரியாவிட்டால்கூட விட்டிருப்பேன். சந்து சந்தாகத் தெரியும். ஜான்சன் சதுக்கத்தில் தொடங்கி புல் ஸ்ட்ரீட் வழியாகத் தெற்கே வாருங்கள். ரைட், சிப்பேவா, மேடிசன், மான்டெரி என்று வரிசையாகச் சதுக்கங்கள், பிறகு ஃபோர்சைத் பூங்கா. மேடு பள்ளம் கிடையாது. ஒரு பெஞ்சிலிருந்து எழுந்தால் அடுத்த சதுக்கத்துப் பெஞ்சு சில நிமிட நடை. முழங்கால் வலிக்காரருக்கென்றே ஒருவர் ஊர் கட்டியிருந்தால் இப்படித்தான் கட்டியிருப்பார். அதுவும் முடியாவிட்டால் டிராலி வண்டி இருக்கிறது, குதிரை வண்டி இருக்கிறது, ஆற்றைக் கடக்க இலவசப் படகுகூட இருக்கிறது. ஆற்றங்கரையில் இருக்கிற ரிவர் ஸ்ட்ரீட் மட்டும் கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். செங்குத்துப் படி, கீழே அந்தக் காலத்துக் கப்பல்கள் பாரத்துக்குக் கொண்டுவந்து இறக்கிய கரடுமுரடான கல் பாவிய தரை. அங்கே அவரை இறக்க வேண்டாம். மற்ற ஊர் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்தே பார்க்கலாமே!

உங்களை அந்த ஊர் எதற்காக இழுக்கிறதோ, அதே காரணத்துக்காக அங்கே முதலில் போயிருக்க வேண்டியவர் உங்கள் மாமியார். யோசித்துப் பாருங்கள். காலையில் நீங்கள் இருவரும் வேலையில் உட்கார்ந்த பிறகு அவர் யாரோடு பேசுகிறார்? வாசலில் நின்றால் தெருவில் ஒரு மனுஷத் தலை தெரிகிறதா? கோயிலுக்குப் போகவும் உங்கள் கார்தான், கறிவேப்பிலை வாங்கவும் உங்கள் கார்தான். கணவரைப் பறிகொடுத்துவிட்டுப் பிள்ளை வீட்டுக்கு வந்த ஒருவருக்கு மரத்தடியும், வருவோர் போவோரும், இறங்கி நடக்க ஒரு தெருவும் மருந்து மாதிரி. அந்த மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு சீரியல் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

"நீங்க போயிட்டு வாங்க" என்று அவரே சொன்னாராம். வேறென்ன சொல்வார்? பெட்டி கட்டியாகிவிட்டது, தோழியிடம் பேசியாகிவிட்டது, எந்த நாளில் எங்கே தங்குவது என்று முடிவும் செய்தாகிவிட்டது. அதற்குப் பிறகு ‘நானும் வரேன்’ என்று வாய் திறக்கிற மாமியார் நம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? பெரியவர்களின் பெருந்தன்மையை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது.

கோபம் முழுக்க உங்கள் மேல் என்று நினைத்துவிடாதீர்கள். இத்தனை நீளக் கடிதத்தில் உங்கள் கணவர் வாய் திறந்ததாக ஒரு வரி இல்லை. அவரைப் பெற்றவள் அவள். ‘அம்மா, நீயும் வரியா?’ என்று கேட்க வேண்டியது அவர். அம்மாவுக்குச் சாப்பாடு, மாத்திரை, விசா எல்லாம் பெண்டாட்டி பார்த்துக்கொள்வாள், கெட்ட பெயரையும் அவளே வாங்கிக்கொள்வாள் என்று இருந்துவிடுகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இந்தப் பக்கத்தை அவருக்கும் படிக்கக் கொடுங்கள்.

நீங்கள் ரசிக்கிற அந்தப் பழைய வீடுகள் சும்மா பிழைத்து நிற்கவில்லை. 1954-இல் எல்லிஸ் சதுக்கத்தில் இருந்த பழைய சந்தைக் கட்டடத்தை இடித்தார்கள். எதற்கு? கார் நிறுத்த. அடுத்த வருடமே, 1820-இல் கட்டிய டேவன்போர்ட் வீட்டுக்கும் அதே கதி வர இருந்தது. ஏழு பெண்கள் சேர்ந்தார்கள், 22,500 டாலர் திரட்டி வீட்டை வாங்கினார்கள். இன்று நீங்கள் போட்டோ எடுக்கிற முக்கால்வாசித் தெருக்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. எல்லிஸ் சதுக்கத்தில் கட்டிய கார் நிறுத்தத்தையும் பிற்பாடு இடித்துவிட்டு, 2010-இல் சதுக்கத்தைத் திரும்பத் திறந்தார்கள். சந்தைக் கட்டடம் திரும்ப வரவில்லை. இடித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை அம்மா, அந்த நேரத்துக்கு எது வசதியோ அதைச் செய்தார்கள். நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

அந்த ஊரைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1859 மார்ச்சில், ஊருக்கு வெளியே இருந்த குதிரைப் பந்தய மைதானத்தில் இரண்டு நாள் அடிமை ஏலம் நடந்தது. நானூறுக்கும் மேற்பட்டவர்களை விற்றார்கள். இரண்டு நாளும் விடாத மழை. ‘அழுகைக் காலம்’ என்று அந்த மக்களின் சந்ததியினர் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். குடும்பங்களைப் பிரிக்க மாட்டோம் என்பது விற்பவர் தரப்பின் வாக்கு. ஆனால் அவர்கள் கணக்கில் புருஷன், பெண்டாட்டி, சின்னப் பிள்ளைகள், அவ்வளவுதான். வளர்ந்த பிள்ளைகளின் தாய் தகப்பன் அந்தக் கணக்கில் வரவே இல்லை. அந்தக் கொடுமையையும் உங்கள் நான்கு நாளையும் ஒரே தராசில் வைக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி கெடவில்லை. அந்தக் கணக்கு மட்டும், யாரும் சாட்டை எடுக்காமலே, நம் வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அடுத்த முறை போகும்போது, நகரத்துக்கு மேற்கே 2008-இல் வைத்த நினைவுப் பலகையின் முன் இருவரும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

உங்கள் கல்யாண நாள் பயணத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. அது உங்களுக்கே இருக்கட்டும். ஆறு மாதம் முடிவதற்குள் ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கிக்கொண்டு மறுபடி போங்கள், இந்த முறை மூன்று பேர். அங்கே குளிர்காலம் அட்லாண்டாவை விட இதமாகத்தான் இருக்கும். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அடுத்த வருடம் அவர் மறுபடி விமானம் ஏறுவார் என்று உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது?

நீங்கள் வழக்கமாகத் தங்குமிடம் பழைய மாளிகையை மாற்றிய விடுதியாக இருந்தால் அது வேண்டாம். அந்த ஊர் வீடுகளுக்கு வாசல்படியே ஒரு மாடி உயரம் இருக்கும். லிஃப்ட் இருக்கிற ஹோட்டலாக, சதுக்கத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். அவர் சைவமாக இருந்தால் சாப்பாட்டில் கவனம் வேண்டும். கீரைதானே என்று வாங்கிவிடாதீர்கள், அந்தப் பக்கம் பன்றி இறைச்சி போட்டு வேகவைக்கிற பழக்கம் உண்டு. ‘கிரிட்ஸ்’ என்கிற வெள்ளைச் சோளக் கஞ்சி கேட்டால் இறால் இல்லாமல் தரச் சொல்லுங்கள். சின்ன ரைஸ் குக்கரும் தயிரும் கூடவே எடுத்துப் போவது உத்தமம்.

கேட்கிறவர் உங்கள் கணவராக இருக்கட்டும். லேப்டாப்பை மூடிவிட்டு, எதிரே உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். "எனக்கெதுக்குப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்பார். மறுபடி கேட்கட்டும். வழியில் மேக்கனில் காரை நிறுத்தி அவரை இறக்கி நாலு எட்டு நடக்க வையுங்கள். அதற்கப்புறம் ஐ-16 சாலையில் சவானா வரைக்கும் பைன் மரத்தைத் தவிர வேறெதுவும் பெரிதாக இல்லை.