மாடியிலும் முற்றத்திலும்: வீட்டுத்தோட்டக் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "என்ன பசளை போடுவது?" என்றே முடிகின்றன. கொழும்பில் சாடிச் செடிகள் பசியால் சாவது குறைவு. வெயில் போதாமலும் வேர் நீரில் ஊறியும் சாவதுதான் அதிகம். அதனால் அவை இரண்டையும் முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

நான்காம் மாடியில் தெற்குப் பார்த்த பல்கனி. தை, மாசியில் மிளகாய் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. சித்திரைக்குப் பிறகு பூக்கவேயில்லை. செடி நெடுத்து வெளிறிவிட்டது. பசளையை மாற்ற வேண்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பசளையில் குறையில்லை. சூரியன் பக்கம் மாறிவிட்டது. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். அதன் பிறகு செப்டெம்பர் தொடக்கம் வரை வடக்குப் பக்கமாகச் சரிந்தே போகும். அந்த ஐந்து மாதமும் தெற்குப் பல்கனிக்கு நேர் வெயில் கிடையாது. ஒக்டோபரிலிருந்து பெப்ரவரி வரை அதே பல்கனியில் வெயில் நன்றாக உள்ளே விழும். வடக்குப் பல்கனிக்கு இது அப்படியே தலைகீழ். கிழக்கும் மேற்கும் ஆண்டு முழுக்க அரை நாள் வெயில் பெறும். அதில் கிழக்குத்தான் நல்லது, மேற்கு வெயிலில் சாடியே சுடும்.

மிளகாய், தக்காளி, கத்தரி, வெண்டி, பயிற்றை எல்லாவற்றுக்கும் நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். ஆகவே தெற்குப் பல்கனியில் செப்டெம்பர் நடுவில் மிளகாய் நாற்று நட்டு மார்ச்சுக்குள் அறுவடையை முடியுங்கள். ஏப்ரலில் சாடிகளை வல்லாரை, பொன்னாங்காணி, மிஞ்சி, றம்பைக்கு மாற்றுங்கள். இவை மூன்று, நான்கு மணி நேர வெளிச்சத்தில் பிழைக்கும். இப்போதுள்ள மிளகாய்ச் செடியை வீச வேண்டாம். மூன்றில் ஒரு பங்கை வெட்டி, தண்ணீரைக் குறைத்து வைத்திருந்தால் ஒக்டோபரில் மறுபடி தழைக்கும்.

மொட்டைமாடியில் உரப்பைகளில் நட்டவை மே மழையில் மஞ்சளாகிச் சரிந்தன. கடையில் வாங்கிய நல்ல கரிய மண்தான் போட்டேன்.
– வாசகர், தெஹிவளை

வெறும் மண்ணைப் பையில் நிரப்பினால் இரண்டு மழைக்குள் அது இறுகிவிடும். காற்றுப் புகாத மண்ணில் வேர் அழுகும், அழுகிய வேர் எதையும் உறிஞ்சாது, இலை மஞ்சளாகும். அதைப் பார்த்து இன்னும் பசளை கொட்டுவதுதான் எல்லோரும் செய்கிற அடுத்த வேலை.

அளவு இது. மேல்மண் 2 வாளி, கூட்டெரு 1 வாளி, தும்புச்சோறு 1 வாளி, பருமணல் அரை வாளி. கடல்மணல் கூடவே கூடாது. கட்டியாக விற்கும் தும்புச்சோற்றில் உப்பு இருக்கலாம். 5 கிலோ கட்டியை 25 லீற்றர் தண்ணீரில் ஊறவைத்து, சாக்கில் கட்டி வடியவிட்டு, இன்னும் இருமுறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். இதைச் செய்யாமல் நாற்று நட்டால் இலை விளிம்பு கருகும்.

பையின் அடியில் மட்டும் துளை போட்டால் அது தரையில் ஒட்டி அடைபடும். அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே, பக்கவாட்டில், விரல் பருமனில் ஆறு துளை போடுங்கள். பையை இரண்டு செங்கல் மேல் வையுங்கள். நனைந்த கலவை லீற்றருக்கு 1.2 கிலோவுக்குக் குறையாது, 20 லீற்றர்ப் பையே 25 கிலோ வரும். முப்பது பையை மாடி நடுவில் அடுக்காமல் சுவரோரமாக, கீழே பாரம் தாங்கும் வளையும் தூணும் இருக்கிற இடமாகப் பார்த்து வையுங்கள்.

மேல்மண்ணோடு எப்பாவல பொசுபேற்றும் (பாறையை அரைத்த பசளை) கலக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது மெல்லக் கரைவது. எலுமிச்சை, கறிவேப்பிலை போன்ற நீண்ட காலச் செடிகளுக்குப் பயன்படும். மூன்று மாதத்தில் முடிகிற வெண்டிக்கு அது கரைவதற்குள் அறுவடையே முடிந்துவிடும்.

சுகாதாரப் பரிசோதகர் வந்து பூச்சாடித் தட்டுகளில் நுளம்புக் குடம்பி இருப்பதாக எச்சரித்துவிட்டுப் போனார். தட்டை எடுத்தால் கீழ்வீட்டுக்கு ஒழுகுகிறது, அங்கேயும் சண்டை. என்ன செய்வது?
– வாசகி, பம்பலப்பிட்டி

எச்சரிக்கையோடு போனது உங்கள் நல்ல காலம். நுளம்புப் பெருக்கத்தைத் தடுப்பதற்கான 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழக்கும் போடலாம்.

தட்டு இருக்கட்டும். அதன் விளிம்பு வரை பருமணல் நிரப்பி, சாடியை அதன்மேல் வையுங்கள். வடியும் தண்ணீர் மணலுக்குள் நிற்கும்; மேலே திறந்த நீர்ப்பரப்பு இல்லையென்றால் டெங்கு நுளம்புக்கு முட்டையிட இடமில்லை. மணலுக்கு மேல் தண்ணீர் பளபளத்தால் நீங்கள் ஊற்றுகிற அளவு அதிகம் என்று பொருள். 10 அங்குலச் சாடிக்கு ஒரு தடவைக்கு முக்கால் லீற்றர் போதும், அதுவும் மண்ணில் விரலை இரண்டு மூட்டு வரை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும்.

முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அதனால் கிழமையில் ஒரு நாளைக் குறித்துவைத்து, மணல் போடாத எல்லாத் தட்டுகளையும் கவிழ்த்துங்கள். கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்பக்கத்தைப் பிரஷால் தேய்க்க வேண்டும். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும்.

ஓர்க்கிட் கட்டிய சிரட்டை, மூங்கில் கம்பு நுனி, மடித்துவைத்த பொலித்தீன், அன்னாசி வகை அலங்காரச் செடியின் இலைக்கக்கம் ஆகியவற்றை யாரும் தேடுவதில்லை. சிரட்டையில் துளை போடுங்கள், மூங்கில் நுனியில் மணல் அடையுங்கள், இலைக்கக்கத்தைக் கிழமைக்கு இருமுறை குழாய்த் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள்.

தக்காளி பச்சைப் பசேலென்று நின்றது. ஒரு நாள் மத்தியானம் தலை தொங்கியது, மூன்றாம் நாள் செத்துவிட்டது. இலையில் ஒரு புள்ளிகூட இல்லை.
– வாசகர், மட்டக்குளி

பக்டீரியா வாடலாக இருக்கும். உறுதிசெய்ய ஒரு கண்ணாடித் தம்ளர் போதும். அடித்தண்டை மண்ணுக்கு மேலே மூன்று அங்குலத் துண்டாக வெட்டி, வெட்டுமுனை மட்டும் தெளிந்த தண்ணீரில் முட்டும்படி பிடியுங்கள். ஆட்டாமல் ஐந்து நிமிடம். வெட்டிலிருந்து வெண்ணிற நூல் போல ஒரு கசிவு மெதுவாகக் கீழிறங்கினால் சந்தேகமேயில்லை. நூல் வராமல் தண்டின் உட்புறம் மட்டும் பழுப்பாக இருந்தால் அது பூஞ்சண வாடல். வேரே கறுத்து மணத்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது.

நூல் வந்தால் மருந்து இல்லை. விற்பவர் என்ன சொன்னாலும் இல்லை. செடியை வேர் மண்ணோடு பையில் கட்டி அகற்றுங்கள், கூட்டெருவில் போடாதீர்கள். சாடியைக் கழுவி, ஒரு பங்கு குளோரொக்ஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். வெட்டிய கத்தியையும் அப்படியே. அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் வேண்டாம். வெண்டி, பயிற்றை, கீரை போடலாம்.

நிலத்தில்தான் நட்டாக வேண்டும் என்றால் ஒட்டுநாற்றுச் செய்யுங்கள். கத்தரியின் வேரில் தக்காளியை ஒட்டலாம். வாடலைத் தாங்கும் இனமாகக் கேட்டு வாங்கிய கத்தரி விதையாக இருக்க வேண்டும். அந்த வேர் சில நாள் வெள்ளத்தையும் பொறுக்கும் என்பதால் கொழும்புக்கு இரட்டை லாபம். கத்தரி மெல்ல வளர்வதால் அதை முதலில் விதைத்து, சில நாள் கழித்துத் தக்காளியை விதையுங்கள். இரண்டு தண்டும் 2 மில்லிமீற்றர் பருமன் வந்ததும் சவர அலகால் சரிவாக வெட்டி, சிறு இறப்பர்க் குழாய்த் துண்டுக்குள் இரு முனையையும் பொருத்துங்கள். நிழலில், பொலித்தீன் மூடிய பெட்டிக்குள் ஏழு நாள் வையுங்கள். நடும்போது ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே நிற்க வேண்டும். அது மண்ணில் பட்டால் தக்காளித் தண்டு வேர்விட்டு, நோய் அந்த வழியாக ஏறும்.

பூ உதிர்வதையும் எழுதியிருந்தீர்கள். இரவு வெப்பம் 22 பாகைக்கு மேல் போனால் தக்காளியில் பிஞ்சு பிடிப்பது குறையும். கொழும்பில் சற்றுக் குளிர்ந்த இரவுகள் வருவது ஜனவரியிலும் பெப்ரவரியிலும்தான். அப்போது பூக்கும்படி ஒக்டோபர் இறுதியில் விதையுங்கள். காலை பத்து மணியளவில் பூக்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள்.

மிளகாய் இலை சுருள்கிறது. வேப்பெண்ணெய் அடித்தும் பலனில்லை.
– வாசகி, கொட்டாஞ்சேனை

எந்தப் பக்கம் சுருள்கிறது என்று எழுதவில்லையே! விளிம்பு மேல்நோக்கி மடிந்து ஓடம் போல நின்றால் பனிப்பூச்சி. தளிரை வெள்ளைக் கடதாசி மேல் தட்டினால் ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் மஞ்சள் கோடுகள் ஊரும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை, வரண்ட காலத்தில் அதிகம். விளிம்பு கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலை ஒடுங்கி, காம்பு நீண்டிருந்தால் சிற்றுண்ணி. புழுக்கமான நாட்களில் வரும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இலை சிறுத்து, நெளிந்து, கொத்தாகக் குவிந்து நரம்பு மஞ்சளித்தால் வைரசு. அதைக் கொண்டுவருவது வெண் ஈ.

பனிப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் 5 மில்லிலீற்றர், பாத்திரம் கழுவும் திரவம் 1 மில்லிலீற்றர், தண்ணீர் 1 லீற்றர். முதலில் எண்ணெயையும் திரவத்தையும் குழைத்துப் பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் மிதந்து, முதல் பீய்ச்சலில் வெறும் தண்ணீரும் கடைசியில் இலையைப் பொசுக்கும் எண்ணெயும் வரும். உங்களுக்குப் பலிக்காமல் போனதற்கு இது காரணமாகலாம். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனைய, ஐந்து நாளுக்கொரு முறை மூன்று தடவை அடியுங்கள். சிற்றுண்ணிக்கு நனையும் கந்தகத் தூள் லீற்றருக்கு 2 கிராம். எண்ணெய் அடித்து இரண்டு கிழமை கழியாமல் கந்தகம் அடித்தால் இலை கருகும். வைரசுச் செடியைப் பிடுங்கிவிடுங்கள், பக்கத்துச் செடிகளாவது மிஞ்சும்.

இலையைப் பார்த்தும் பிடிபடாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனைச் சேவைக்கு அழைத்துக் கேட்கலாம்.

கறிவேப்பிலைக் கன்று ஒன்றரை வருடமாக ஒரே உயரத்தில் நிற்கிறது.
– வாசகர், கிராண்ட்பாஸ்

சாடி சிறிது. 14 அங்குலச் சாடிக்கு மாற்றுங்கள், வேர்ப்பந்தைக் கலைக்காமல். நட்டு ஒரு மாதம் கழித்து, நுனியை ஒரு கணுவுக்கு மேலே கிள்ளிவிடுங்கள். இரண்டு, மூன்று கிளை வரும். இலை பறிக்கும்போது ஒவ்வொன்றாக உருவாமல் நுனிக் கிளையோடு ஒடியுங்கள், அதுவே கவாத்து. பூ வந்தால் கிள்ளுங்கள். பறவை எச்சம் போலக் கருப்பும் வெள்ளையுமாக ஒட்டியிருப்பது புழு. வளர்ந்ததும் பச்சையாகி, இரண்டு நாளில் கன்றை மொட்டையாக்கும். கையால் எடுத்தாலே போதும், மருந்து அடித்த இலை நாளைக்குச் சொதிக்குள் போகும்.

கொத்தமல்லி முளைப்பதேயில்லை.
– வாசகி, வத்தளை

சமையலுக்கு வாங்கும் கொத்தமல்லி வறுத்ததாக இல்லாவிட்டால் முளைக்கும். செருப்படியில் மெல்ல உருட்டி இரண்டாக உடைத்து, ஓரிரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் நேரடியாக விதையுங்கள். நாற்றுப் பிடுங்கி நட்டால் பிழைக்காது. மத்தியான வெயில் படாத இடம் வேண்டும். நமது வெக்கையில் சீக்கிரம் பூத்துவிடும், ஆகவே 30 நாளுக்குள் வேரோடு பிடுங்கிச் சமையுங்கள். இரண்டு கிழமைக்கொரு முறை ஒரு சாடி விதைத்தால் வீட்டில் இல்லாமல் போகாது.

மல்லிகை புதராக நிற்கிறது, பூ மட்டும் இல்லை.
– வாசகி, கொள்ளுப்பிட்டி

புது தளிரில்தான் பூக்கும். பாதியாக வெட்டி, இலைகளைக் களைந்து, ஐந்து மணி நேர வெயிலில் வையுங்கள். யூரியாவை நிறுத்துங்கள்.

மழை இரவில் பெரிய நத்தைகள் நாற்றை அடியோடு தின்கின்றன. உப்புத் தூவலாமா?
– வாசகர், ராஜகிரிய

தூவினால் நத்தையோடு நாற்றும் போகும். உப்பு மண்ணில் தங்கும். முட்டைக்கோதும் சாம்பலும் ஒரு மழைக்குத் தாங்காது. இரவு எட்டு மணிக்கு மேல், மழை விட்ட கையோடு, டோர்ச்சும் கையுறையுமாகப் பொறுக்கி, உப்பு கரைத்த வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொடக்கூடாது; எலியின் நுரையீரல் புழு இவற்றில் இருக்கும், அது மனிதரின் மூளைச்சவ்வைத் தாக்கும். அதே காரணத்துக்காக வல்லாரையைச் சம்பலுக்கு எடுக்கும்போது இலை இலையாக ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பகலில் நனைந்த சாக்கை வேலியோரம் போட்டுவைத்தால் அதன் அடியில் ஒதுங்கியிருக்கும், காலையில் எடுத்துவிடலாம். மண்ணை ஓரங்குலம் கிளறினால் மிளகு பருமனில் மஞ்சள் வெள்ளை முட்டைகள் குவியலாகக் கிடைக்கும். அவற்றையும் அதே வாளிக்குள் போடுங்கள்.