வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று: இரண்டாவது பிரசவம் பற்றிக் கேள்வி பதில்

இந்தத் தடவை இரண்டாவது பிள்ளைக்குக் காத்திருப்பவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். வீட்டில் ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், வயிற்றில் இன்னொன்று உதைக்கும், நடுவில் உலையில் அரிசி போட வேண்டும், அப்படி இருப்பவர்கள். நான் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், டாக்டர் இல்லை. உங்கள் ஸ்கேனையும் ரத்த ரிப்போர்ட்டையும் கையில் வைத்திருப்பவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு நாலாவது மாசம். பையனுக்கு ஒன்றரை வயது, இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். "அது சவலைப் பால், பிள்ளை நோஞ்சானாகிடும், இன்னிக்கே நிறுத்து" என்கிறார் மாமியார். (ஈரோடு)

பதில்: வயிற்றில் பிள்ளை இருப்பதால் பால் கெட்டுப்போகாது. நாலு, அஞ்சு மாசத்தில் பால் தானாகக் குறையும், சீம்பாலாக மாற ஆரம்பிக்கும்போது ருசியும் மாறும். பல பிள்ளைகள் அந்தச் சமயத்தில் தாங்களாகவே விட்டுவிடும். ஆனால் மாமியார் பயப்படுவதையும் ஒரேயடியாகத் தள்ளாதீர்கள், ஏனென்றால் பிள்ளை இளைப்பதை அவர் கண்ணால் பார்த்திருப்பார். என்ன நடக்கிறது என்றால், பாலைத் திடீரென்று நிறுத்திவிடுவார்கள், அம்மாவுக்கு மசக்கை, அடுப்படிப் பக்கம் போனாலே வாந்தி, பிள்ளைக்குக் காலையில் சர்க்கரை தொட்ட இட்லி, மத்தியானம் ரசம் சாதம், நடுவில் பிஸ்கட் என்று ஓடும், இளைக்காமல் என்ன செய்யும். தினம் ஒரு முட்டை, குழைந்த பருப்பு சாதத்தில் நெய், பொடித்த வேர்க்கடலை கொடுங்கள் (முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் அடைக்கும்). அங்கன்வாடியில் சத்துமாவு அவனுக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு, வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பிரசவம் குறைமாதமாக ஆகியிருந்தால், இப்போது உதிரப்போக்கு இருந்தால், வயிற்றில் இரட்டைப் பிள்ளை என்றால் பால் கொடுப்பதைப் பற்றி டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். மற்றவர்கள் நிறுத்துவதாக இருந்தால் பகல் பாலை முதலில், ராத்திரிப் பாலைக் கடைசியில் என்று மெதுவாக நிறுத்துங்கள். மார்பில் வேப்பிலை அரைத்துப் பூசி அவனை அழ வைக்க வேண்டாம்.

கேள்வி: பொண்ணு 12 கிலோ. எந்நேரமும் "தூக்கு தூக்கு". தூக்கினால் கரு கலைந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். (திருப்பூர்)

பதில்: சாதாரண கர்ப்பத்தில் வீட்டுப் பிள்ளையைத் தூக்குவதால் கரு கலையாது. குனிந்து தூக்காதீர்கள், முட்டியை மடக்கி உட்கார்ந்து அவளை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள், மாடிப்படியில் மட்டும் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டாம். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லியிருந்தால், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தால், உதிரம் பட்டிருந்தால் தூக்கவே கூடாது. அப்போது நீங்கள் கீழே உட்கார்ந்துவிடுங்கள், அவளே வந்து மடியில் ஏறட்டும். பாதி நேரம் அவள் கேட்பது மடியைத்தான்.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. இரண்டு நாள் முன்னால் பையன் அட்டையை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தான், நல்லவேளை பிரிக்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா? (நாகர்கோவில்)

பதில்: நீங்கள் போகிற போக்கில் சொன்ன இரண்டாவது விஷயம்தான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் மாத்திரை சிவப்பாக, மிட்டாய் மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளை அதில் கொஞ்சம் விழுங்கினாலும் விஷம், உயிருக்கே ஆபத்து. இதில் ஏமாற்று வேலை ஒன்று உண்டு: முதலில் வாந்தி எடுக்கும், வயிற்றால் போகும், அப்புறம் சில மணி நேரம் தெளிந்து விளையாடக்கூடச் செய்யும், "சரியாப் போச்சு" என்று வீட்டில் இருந்துவிடுவார்கள், அதற்குப் பிறகுதான் ஈரல் கெட்டு நினைவு தப்பும். அதனால் ஒன்று விழுங்கியிருப்பான் என்ற சந்தேகம் வந்தாலே அட்டையையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தலையணைக்கு அடியில், ஃப்ரிட்ஜ் மேல், ஹேண்ட்பேக்கில் எல்லாம் மாத்திரை வைக்கக் கூடாது. பீரோவில் பூட்டி வையுங்கள், அவன் முன்னால் சாப்பிடாதீர்கள், பார்ப்பதையெல்லாம் செய்யும் வயது.

சரி, மாத்திரைக்கு வருவோம். நிறுத்தக் கூடாது. மலம் கறுப்பாகப் போவது இரும்பால்தான், பயமில்லை. ராத்திரி சாப்பிட்டுச் சிறிது நேரம் கழித்து எலுமிச்சைச் சாற்றோடு போட்டுப் பாருங்கள், குமட்டல் குறையும். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் ஒட்டாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரண்டாவது கர்ப்பத்தில் ரத்தசோகை சாதாரணமாகப் பார்ப்பது, முதல் பிரசவத்தில் இழந்ததே இன்னும் ஊறியிருக்காது. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும், அதைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: மூணு வயசுப் பெண்ணுக்கு அம்மை போட்டிருக்கிறது, நான் அஞ்சு மாசம். வீட்டில் வேப்பிலை கட்டியிருக்கிறோம், ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்கிறார்கள். (மதுரை)

பதில்: வேப்பிலை கட்டுங்கள், மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றுங்கள், ஆனால் நீங்கள் இன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். சின்ன வயசில் உங்களுக்குச் சின்னம்மை வந்திருக்கிறதா என்று உங்கள் அம்மாவிடம் போன் போட்டுக் கேளுங்கள். வந்திருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. வரவில்லை, அல்லது நினைவில்லை என்றால் ரத்தத்தில் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு ஊசி உண்டு, பிள்ளையோடு பழகி 10 நாளைக்குள் போட்டாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கர்ப்பிணிக்கு அம்மை நுரையீரலில் இறங்கினால் ஆபத்து. கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பிள்ளையிடமிருந்து தொற்றும். அவளுக்குக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின் கூடவே கூடாது.

இதே குழப்பத்தில் இன்னொருவர், கர்ப்பமாக இருக்கும்போது மூத்த பிள்ளைக்கு எம்.ஆர். (தட்டம்மை, ருபெல்லா) தடுப்பூசி போடலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாகப் போடலாம், அதனால் உங்களுக்கு ஒன்றும் வராது. போடாமல் விட்டு அவனுக்கு ருபெல்லா வந்து உங்களுக்கும் தொற்றினால்தான் சிக்கல்.

கேள்வி: வணக்கம்மா, நான் அப்பா. பையனுக்கு இரண்டரை வயது. மனைவிக்கு ஏழாவது மாதம். நன்றாக டாய்லெட் போய்க்கொண்டிருந்தவன் இப்போது மறுபடி டிரவுசரிலேயே போகிறான், "பாப்பா வேணாம்" என்கிறான். எப்படித் தயார் செய்வது? (சென்னை)

பதில்: அப்பா ஒருவர் கேட்டதே சந்தோஷம் தம்பி. முதலில் வீட்டுக்கு வருபவர்களின் வாயை அடையுங்கள். "பாப்பா வந்துட்டா உன்னை யாரும் தூக்க மாட்டாங்க", "அம்மா இனிமே பாப்பாவுக்குத்தான்", "உன்னைக் குப்பைத்தொட்டியிலேருந்து எடுத்தோம்", இதெல்லாம் நம் ஊரில் விளையாட்டுப் பேச்சு. இரண்டரை வயதுக்கு விளையாட்டு தெரியாது, அப்படியே நம்பும். பெரிய அத்தையாகவே இருந்தாலும் சிரித்துக்கொண்டே "அப்படிச் சொல்லாதீங்க அத்தை" என்று அவன் காதுபடச் சொல்லுங்கள்.

டிரவுசரில் போவது வேண்டுமென்று செய்வது இல்லை. வீட்டில் ஏதோ மாறுகிறது என்பது தெரிந்து பின்வாங்குகிறான். திட்டாமல் கழுவிவிட்டு மாற்றிவிடுங்கள், சில வாரத்தில் திரும்பிவிடும். சிறுநீர் போகும்போது அழுதாலோ காய்ச்சல் இருந்தாலோ மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். "பாப்பா வேணாம்" என்றால் "அப்படிச் சொல்லக் கூடாது, தப்பு" என்று அடக்க வேண்டாம். "சரி, வேணாம்னு தோணுதா, வா" என்று மடியில் போட்டுக்கொண்டால் போதும்.

அவனுக்கு இரண்டு மாசம் என்றால் புரியாது. பொங்கல் வரும், கரும்பு கடிப்போம், அதுக்கப்புறம் பாப்பா வரும் என்று அவனுக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்லுங்கள். பாப்பா வந்ததும் கூட விளையாடும் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது ஆறு மாசத்துக்குப் படுத்துக்கொண்டு அழும், அவன் ஏமாந்துபோவான்.

அப்புறம் நீங்கள் செய்ய வேண்டிய பெரிய வேலை ஒன்று இருக்கிறது. குளிப்பாட்டுவது, ராத்திரி தூங்க வைப்பது, இந்த இரண்டில் ஒன்றையாவது இன்றைக்கே உங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் சில நாள் "அம்மாதான் வேணும்" என்று ஊரைக் கூட்டுவான். அந்த அழுகை இப்போதே நடந்து முடியட்டும், தையலோடு அவள் படுத்திருக்கும்போது, கைக்குழந்தையும் சேர்ந்து கத்தும்போது நடக்க வேண்டாம். படுக்கையை மாற்றுவது, ப்ளே ஸ்கூலில் சேர்ப்பது இதெல்லாம் இப்போதே செய்யுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை பிறந்து நாலைந்து மாசம் கழித்துச் செய்யுங்கள். பிறந்த வாரத்தில் செய்தால் பாப்பாதான் தன்னை விரட்டியது என்று நினைப்பான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது பாப்பா உங்கள் கையிலோ பாட்டி கையிலோ இருக்கட்டும், அம்மாவின் இரண்டு கையும் அவனுக்குக் காலியாக இருக்கட்டும். புடவையில் தூளி கட்டியதும் அவன்தான் முதலில் ஏறிப் படுப்பான், பார்த்துக்கொண்டே இருங்கள். முகத்தை மூடிக்கொண்டு "நான்தான் பாப்பா" என்பான். கத்தாதீர்கள். கொக்கி தாங்குமா என்று பார்த்துக்கொண்டு நாலு ஆட்டு ஆட்டிவிட்டு இறக்குங்கள், சலித்துப்போய் அவனே விட்டுவிடுவான். ஆனால் கைக்குழந்தை தூளியில் இருக்கும்போது அவனைத் தனியாக அந்த அறையில் ஒரு நிமிஷம்கூட விடக் கூடாது. சுற்றிச் சுற்றி முறுக்குவான், துணி இறுகும்.

கேள்வி: முதல் பிரசவம் அம்மா வீட்டில். பெரியவள் இப்போது எல்.கே.ஜி. இரண்டாவதுக்கும் அம்மா வீடு போகவா? (தஞ்சாவூர்)

பதில்: யார் பார்த்துக்கொள்வார்களோ அங்கே இருங்கள். எல்.கே.ஜி.யில் இரண்டு மாசம் போனால் ஒன்றும் குடி முழுகாது, அம்மாவை இரண்டு மாசம் பிரிந்திருப்பதுதான் அவளுக்குப் பெரிது, அதனால் போனால் கூட்டிக்கொண்டே போங்கள். பிக்மி எண்ணையும் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்) தாய் சேய் நல அட்டையையும் மறக்காதீர்கள், பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் கேட்பார்கள். முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி (பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பு) இரண்டாவது பிரசவத்துக்கும் உண்டு. ஊர் மாறுவதைக் கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பிரசவமானதும் பெரிய பிள்ளையை என் பக்கத்தில் விட மாட்டார்களாம், தீட்டு, கிருமி என்கிறார்கள். (புதுக்கோட்டை)

பதில்: சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வரட்டும். சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் பாப்பாவிடமிருந்து தள்ளி வையுங்கள், முகத்தில் முத்தம் கொடுக்க விடாதீர்கள், காலில் கொடுக்கட்டும். தீட்டு என்று கதவுக்கு வெளியே நிற்க வைத்தால் ஏங்கிப்போகும்.

கேள்வி: தனியார் கம்பெனி வேலை. இரண்டாவது பிள்ளைக்கு லீவு குறைவு என்கிறார் மேனேஜர். (கோவை)

பதில்: தப்பு. 2017-லிருந்தே சட்டப்படி இரண்டாவது பிள்ளைக்கும் சம்பளத்தோடு 26 வாரம், அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு பிள்ளை இருப்பவர்களுக்குத்தான் 12 வாரம். முந்தைய 12 மாசத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். வாயால் கேட்காமல் எழுத்தில் கொடுங்கள். தமிழ்நாடு அரசு ஊழியர் என்றால் 2021 முதல் 12 மாசம்.

கேள்வி: முதலாவது சிசேரியன். பையனுக்கு ஒரு வயது, இப்போது இரண்டாவது மாதம். இது சுகப்பிரசவம் ஆகுமா? (சேலம்)

பதில்: சிசேரியனுக்குப் பிறகு சுகப்பிரசவம் நடப்பது உண்டு, ஆனால் இரண்டு பிரசவத்துக்கும் நடுவில் குறைந்தது 18 மாசமாவது இருப்பது நல்லது, அதற்குக் குறைந்தால் வலி வரும்போது பழைய தையல் விடும் ஆபத்து கூடும். உங்கள் கணக்குப்படி கிட்டத்தட்ட 19 மாசம் வருகிறது, விளிம்பில் இருக்கிறீர்கள். போன தடவை எதற்காக அறுத்தார்கள், எப்படி அறுத்தார்கள் என்பது பழைய டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும், அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ராத்திரியும் உடனே ஆபரேஷன் செய்ய ஆள் இருக்கும் இடத்தில் மட்டும் முயற்சி செய்யலாம், சின்ன நர்சிங் ஹோமில் வேண்டாம்.

கேள்வி: முதல் பெண். இது பையனா என்று பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறது என்கிறார் மாமனார். (வெளியூர், பெயர் வேண்டாம்)

பதில்: 1994 சட்டப்படி சொல்பவருக்கும் ஜெயில், கேட்பவருக்கும் ஜெயில். ஆணா பெண்ணா என்பது அப்பாவின் விந்தணு முடிவு செய்வது, அதை மாமனாரிடம் உங்கள் கணவரே சொல்லட்டும்.

கேள்வி: நாங்கள் இரண்டு பேர்தான், சொந்தம் யாரும் பக்கத்தில் இல்லை. நடுராத்திரி வலி வந்தால் இரண்டு வயசுக்காரனை என்ன செய்வது? (பெங்களூரு)

பதில்: இரண்டாவதில் வலி வேகமாக முற்றும். முதலில் பன்னிரண்டு மணி நேரம் ஆனது என்று கணக்குப் போட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள், வலி ஒழுங்காக வர ஆரம்பித்ததும், பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாமலேயே கிளம்பிவிடுங்கள். பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள், பையனைப் பகலில் சில தடவை அங்கே விட்டுப் பழக்குங்கள், தூக்கக் கலக்கத்தில் எழுந்து பார்த்தால் தெரிந்த முகம் இருக்க வேண்டும். பல பிரசவ வார்டுகளில் சின்னப் பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள், அதனால் அவனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம். ஊரிலிருந்து அம்மாவை வரச் சொல்வதாக இருந்தால் 37 வாரத்திலேயே வந்துவிடட்டும்.

கேள்வி: இதோடு போதும் என்று நினைக்கிறோம். எனக்கு மறுபடி ஆபரேஷன் என்றால் பயமாக இருக்கிறது. (திண்டுக்கல்)

பதில்: பிரசவமாகி 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி போட்டுக்கொள்ளலாம், தாய்ப்பாலுக்கு ஒன்றும் ஆகாது. வீட்டுக்காரருக்கு வாசெக்டமி (ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன்) இன்னும் எளிது, வயிற்றைத் திறக்க வேண்டியதே இல்லை, அவர் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம், பலம் போகும் என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சு. ஒன்று மட்டும், அது உடனே வேலை செய்யாது. மூணு மாசம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து "அணு இல்லை" என்று ரிப்போர்ட் வர வேண்டும். அதுவரை ஆணுறை.